ஆய்வுகூடமும் நோயாளியும்: உளவியற் பயிற்சியின் இரு பாதைகள்

1879ஆம் ஆண்டு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வூண்ட் ஆய்வுகூடம் நிறுவிய காலத்தில், உளவியற் கலாநிதிப் பட்டம் ஆய்வாளனுக்கே உரியதாக விளங்கிற்று. இரண்டாம் உலகப் போர் அந்நிலையை மாற்றியது. உளம் நைந்து மீண்ட போர்வீரருக்குச் சிகிச்சையளிக்க ஐக்கிய அமெரிக்காவிற் பயிற்சி பெற்றோர் போதவில்லை. 1949இல் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரிற் கூடிய மாநாடு, சிகிச்சை உளவியலாளர் ஆய்விலும் சிகிச்சையிலும் ஒருங்கே பயிற்றப்படல் வேண்டுமெனத் தீர்மானித்தது. எனினும், பட்டம் பெற்றோருட் பலர் பின்னர் ஆய்வெதனையும் வெளியிட்டிலர். எனவே, 1968இல் இல்லினோய் பல்கலைக்கழகம் தொழிற்பயிற்சியை முதன்மையாகக் கொண்ட தனியொரு கலாநிதிப் பட்டநெறியை ஆரம்பித்தது. 1973இல் வேல் நகர மாநாடு அப்பாதையை ஏற்றுக்கொண்டது.

துன்புறுவோனுக்கு உதவும் விரைவும், அவ்வுதவி பயன் தந்ததா என ஆராயும் பொறுமையும் ஒருவரிடமே அமைதல் வேண்டுமா? பாதையைத் தெரிவுசெய்யும் மாணவன் முதலில் விடைகாண வேண்டிய வினா இதுவே.