ஷேல் வாயுவும் கூட்டாய்வும்

ஷேல் பாறையிலிருந்து பேரளவில் இயற்கை வாயு எடுத்தமையை ரெக்சாஸ் மாநிலத்து ஜோர்ஜ் மிற்செல் என்னும் தனியொருவரின் சாதனையாகவே பலர் எழுதுகின்றனர். அவரது விடாமுயற்சி மறுத்தற்கரியது. எனினும் அதன் பின்னிருந்த பொதுப் பணத்தை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

நியூயோர்க் மாநிலத்துப் பிரெடோனியாவில் 1821 இலேயே ஷேல் படையிலிருந்து வாயு பெறப்பட்டது. ஆனால் இப்பாறையின் நுண்துளைகள் தம்முள் நன்கு இணையாதவை. வாயு கிணற்றை நோக்கி எளிதில் நகராது. 1970 களின் எரிபொருள் தட்டுப்பாடே அமெரிக்க அரசை இதன்பால் திருப்பிற்று. 1976 இல் தொடங்கிய கிழக்கு வாயு ஷேல் திட்டத்தில் அரச ஆய்வுநிலையமும் மாநிலப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களங்களும் பல்கலைக்கழகங்களும் கம்பனிகளும் ஒன்றுசேர்ந்து பாறை மாதிரிகளை அகழ்ந்து ஆராய்ந்தன. முடிவுகள் பொதுவில் வெளியிடப்பட்டன. அதே ஆண்டில் தோன்றிய வாயு ஆராய்ச்சி நிறுவகத்தின் செலவையோ, மாநிலங்களுக்கிடையே குழாய்வழி செல்லும் வாயுமீது விதித்த சிறு மேலதிகக் கட்டணம் தாங்கிற்று. அடுப்பெரித்த குடும்பங்களே, தாம் அறியாமல், ஆய்வின் புரவலராயின எனலாம்.

மிற்செலின் கம்பனி பார்னெற் ஷேலில் முதற் கிணற்றை 1981 இல் தோண்டியது. 1991 இல் அங்கு அது தோண்டிய முதலாவது கிடைக் கிணற்றுக்கு மேற்கூறிய நிறுவகம் நிதியுதவி அளித்தது. ஆயினும் திறவுகோல் கம்பனிக்குள்ளேயே கிடைத்தது: 1990 களின் பிற்பகுதியில் அதன் பொறியியலாளர், செலவைக் குறைக்க விரும்பி, தடித்த கூழுக்குப் பதிலாகப் பெரும்பாலும் நீரையே உயரமுக்கத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்தனர்.

2002 இல் டெவன் கம்பனி ஏறத்தாழ 350 கோடி டொலருக்கு மிற்செலின் கம்பனியை வாங்கிற்று. வாயுக் கட்டணத்தோடு ஆய்வுக்கும் பணம் செலுத்தியோர் அவ்விற்பனையிற் பங்காளராக இருக்கவில்லை.