பாட்டும் ஊடலும்: ஹாலிவுட்டின் முதல் இசைச் சித்திரங்கள்



நம் கதைகளில் பல, திருமணத்தோடு முடிந்துவிடும். கெட்டிமேளம் கொட்டும், மாலை மாற்றுவார்கள், திரையில் ‘சுபம்’ என்று எழுத்து விழும். அதன் பிறகு அந்த இருவரும் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்று நாமும் கேட்பதில்லை. ஆனால், ஹாலிவுட் படங்கள் பேசத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், மற்றவர்கள் கதையை முடித்த இடத்தில் கதையைத் தொடங்கிய சில இசை நகைச்சுவைப் படங்கள் வந்தன. கணவன் மனைவியின் பிணக்கு, அடுத்தவர் மேல் செல்லும் கடைக்கண் பார்வை, சந்தேகம், மன்னிப்பு இவையே அவற்றின் பொருள். அவற்றுள் தலைசிறந்தவற்றை இயக்கியவர் எர்ன்ஸ்ட் லுபிட்ச். அவருடைய மூன்று படங்களை இன்று பார்ப்போம். பார்க்கும்போது ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்வோம்: ஊடல் தீரும்போது விட்டுக்கொடுப்பவர் யார்?

லுபிட்ச் 1892-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். நாடக நடிகராக இருந்து படத்துறைக்கு வந்தார். 1922-இல் அமெரிக்கா சென்றார். 1924-இல் அவர் எடுத்த ‘தி மேரேஜ் சர்க்கிள்’ என்னும் ஊமைப்படமே கணவன் மனைவி பற்றிய வேடிக்கைக் கதைதான்.

1927 அக்டோபரில் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளிவந்தது. அதில் பாட்டைக் கேட்ட மக்கள் மேலும் மேலும் கேட்க விரும்பினார்கள். 1929-இல் இசைப் படங்கள் வெள்ளமாகப் பெருகின. ஆனால் அவற்றில் உயிரோட்டம் குறைவு. அக்காலத்துப் படக்கருவி ஓடும்போது இரைச்சல் போடும். அந்த இரைச்சல் ஒலிப்பதிவில் விழாதிருக்க, கருவியை ஓர் அடைத்த அறைக்குள் வைத்தார்கள். அதனால் கருவி நகர முடியவில்லை. நடிகர்களும் ஒலிவாங்கியை விட்டு விலக முடியவில்லை. லுபிட்ச் சில காட்சிகளை ஊமைப்படம் போலவே எடுத்து, ஒலியைப் பின்னர் சேர்த்தார். கருவிக்கு மீண்டும் கால் முளைத்தது.

அவருடைய முதல் இசைப் படம் 1929-இல் வந்த ‘தி லவ் பரேட்’. கதாநாயகன் மாரிஸ் செவாலியே, பாரிஸ் மேடைகளில் புகழ்பெற்ற பாடகர். நாயகி ஜெனட் மெக்டொனால்டுக்கு இதுவே முதல் படம். தொடக்கத்தில் ஒரு காட்சி. ஒரு மனிதர் தம் மனைவியின் உடையைப் பின்புறம் பூட்டிவிட முயல்கிறார், முடியவில்லை. அவள் பொறுமையிழந்து செவாலியேயிடம் போய் நிற்கிறாள். அவர் நொடியில் பூட்டிவிடுகிறார். ஒருவரும் ஒன்றும் விளக்கவில்லை. ஆனால் கணவருக்கும் புரிந்துவிடுகிறது; நமக்கும் புரிந்துவிடுகிறது. நாங்கள் வகுப்பில் விடையைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். அவர்களே கணக்கைப் போட்டுக் கண்டுபிடித்தால் மறக்கமாட்டார்கள். லுபிட்ச் படம் பார்ப்பவரைக் கணக்குப் போட வைத்தார். அடைத்த கதவைக் காட்டுவார். உள்ளே நடப்பதை நம்மிடம் விட்டுவிடுவார்.

கதைக்கு வருவோம். செவாலியே ஒரு சிறு நாட்டின் அரசியை மணக்கிறார். திருமணத்தில், கீழ்ப்படிந்து நடப்பேன் என்று உறுதிமொழி சொல்பவர் மணமகன்! மறுநாள் முதல் அவருக்கு வேலையே இல்லை. அரசி வராமல் காலைச் சிற்றுண்டிகூடக் கிடைக்காது. அக்காலத்தில் மனைவியர் கோடிக்கணக்கானோர் வாழ்ந்த நிலையில் ஓர் ஆணை வைத்துக் காட்டியதும் மக்கள் சிரித்தார்கள். ஆனால் முடிவு என்ன? அரசிதான் இறங்கி வருகிறாள். கணவன் சொல்லே சட்டமாகிறது. கேள்வியைத் துணிவாகக் கேட்ட படம், விடையைப் பழைய ஏட்டிலிருந்தே எடுத்துக்கொண்டது.

இரண்டாவது படம் ‘தி ஸ்மைலிங் லெப்டினண்ட்’. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்த அதே 1931-ஆம் ஆண்டில் வந்தது. வியன்னா நகரில் ஓர் இராணுவ அதிகாரி, தெருவின் எதிர்ப்புறம் நிற்கும் காதலியைப் பார்த்துக் கண்சிமிட்டிச் சிரிக்கிறான். நடுவே வண்டியில் போன இளவரசி, அது தனக்கென்று எண்ணிவிடுகிறாள். அந்த ஒரு சிரிப்பு, இளவரசியை மணந்தே தீரவேண்டிய கட்டாயத்தில் கொண்டுபோய் விடுகிறது. கணவன் மனைவியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. காதலி ஃபிரான்ஸி வயலின் வாசிப்பவள். அவளே இளவரசிக்கு உடுத்தவும், கலகலப்பாகப் பியானோ வாசிக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டு விலகிப் போகிறாள். கிளாடெட் கோல்பேர் அந்த வேடத்தில் நடித்தார். படம் மகிழ்ச்சியாகவே முடிகிறது. ஆனால் அவள் முகம் நம்மை விட்டுப் போவதில்லை. இங்கே சிரிப்புக்கு விலை கொடுத்தவள், ஒரு குற்றமும் செய்யாத பெண்.

மூன்றாவது, 1932-இல் வந்த ‘ஒன் அவர் வித் யூ’. முன்பு சொன்ன ‘தி மேரேஜ் சர்க்கிள்’ கதையே பாட்டோடு மீண்டும் வந்தது. பாரிஸில் ஒரு மருத்துவர். மூன்றாண்டுகளாக மனைவியோடு இன்பமாக வாழ்கிறார். மனைவியின் தோழி மிட்ஸி அவரை வளைக்கப் பார்க்கிறாள். மனைவிக்குச் சந்தேகம் வருகிறது. ஆனால் வேறொரு பெண்மேல்! கணவனைக் கவனித்துக்கொள்ளும்படி மிட்ஸியிடமே கேட்டுக்கொள்கிறாள். மருத்துவரோ அவ்வப்போது நம் பக்கம் திரும்பி, ‘நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்ற பாவனையில் நம்மையே கேட்கிறார்.

இறுதியில் கணவன் தவற்றை ஒப்புக்கொள்கிறான். மனைவி அழுது மன்னித்திருந்தால் அது பழங்கதை. அவளோ, தன்மேல் ஆசை கொண்ட இன்னொருவன் தன்னை முத்தமிட்டதாகச் சொல்கிறாள். கணவன் நம்பாமல் சிரிக்கிறான். அவன் நம்பாததுதான் அவளுக்குக் கோபம். பிறகு இருவரும் ஒருவரையொருவர் மன்னிக்கிறார்கள். அரசியைப் போல் ஒருவர் மட்டும் இறங்கி வரவில்லை. ஃபிரான்ஸியைப் போல் ஒருத்தி ஊரைவிட்டுப் போகவுமில்லை. மூன்றே ஆண்டுகளில் இந்தப் படங்கள் கடந்துவந்த தூரம் இது.

நேயர்களே, அந்தப் பயணம் நீளவில்லை. திருமணத்தின் புனிதம் காக்கப்பட வேண்டும் என்ற விதிகளைப் படத்துறையினரே 1930-இல் ஏற்றிருந்தார்கள். ஆனால் கண்டிப்பாகப் பின்பற்றவில்லை. கத்தோலிக்க அமைப்புகளின் எதிர்ப்பு வலுத்தபின், 1934 ஜூலை முதல் ஜோசப் பிரீன் என்பவரின் அலுவலகம் முத்திரை தராத படத்தைப் பெரிய நிறுவனங்கள் வெளியிட முடியாது என்றாயிற்று. அதே ஆண்டில் லுபிட்ச் எடுத்த ‘தி மெர்ரி விடோ’ படத்தில், எடுத்து முடித்த பின்னும் சில பகுதிகள் வெட்டப்பட்டன. அந்த விதிகள் 1968 வரை நீடித்தன. லுபிட்ச் 1947-இல் காலமானார்.

பிள்ளைகள் பார்க்கும் திரையில் கட்டுப்பாடு வேண்டும் என்று நினைத்தவர்களைக் குறைகூற நான் வரவில்லை. அவர்கள் அக்கறை உண்மையானது. ஆனால் திருமணத்தைக் காப்பதாக எண்ணி, திருமணத்தைப் பற்றிச் சிந்திக்க வைத்த படங்களையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். வள்ளுவப் பெருந்தகை தம் நூலை எந்த அதிகாரத்தோடு முடித்தார்? ஊடலுவகை. பிணக்கு இல்லாத வாழ்க்கையை அவர் போற்றவில்லை. பிணங்கிக் கூடும் வாழ்க்கையையே போற்றினார். வீட்டில் ஒரு சிறு பூசல் எழும்போது, எப்போதும் ஒருவரே விட்டுக்கொடுக்கிறாரா, இருவருமா என்று நாம் எண்ணிப் பார்த்தால், அந்தப் பழைய படங்கள் கேட்ட கேள்வி வீண்போகவில்லை.