கணக்கு பாக்கி

பழையசீவரத்துக்கு நேர் அக்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் கோயில் இருக்கிறது. அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று, 1068 வாக்கில் வெட்டியது. பதினைந்து படுக்கை கொண்ட ஒரு மருத்துவமனைக்கு வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளியைக் கவனிக்கும் பெண்கள் என்று ஆளாளுக்குச் சம்பளம் எழுதியிருக்கிறது. பணம் எங்கிருந்து? பக்கத்து வயலைக்காவூர் கட்டிய வரியிலிருந்து. கட்டினவன் அங்கே போனால் தன் நெல் எங்கே போனதென்று கண்ணால் பார்த்துவிடலாம்.

கட்டாதவன் கதை வேறு. இங்கிருந்து அதிக தூரமில்லாத உக்கலில் முதலாம் ராஜராஜனின் 24ஆம் ஆட்சியாண்டு ஆணை கல்லில் இருக்கிறது. ஊரோடு சேர்ந்து வரி கட்டாமல் ஆண்டுக்கணக்கில் விட்டவர்களின் நிலத்தை ஊராரே எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்கிறது அது. அன்றைக்கு வரி ஊரின் மொத்தச் சுமை. ஒருத்தன் விட்டால் அது பக்கத்து வீட்டுக்காரன் தலையில் விழும். அதனால் பாக்கி ரகசியமாக இருக்கவே முடியாது.

இதை நான் இப்போது யோசிக்கக் காரணம், எனக்குத் தெரிந்த சில வீடுகள். பிள்ளை அமெரிக்காவில் பிறந்திருக்கும். மூணு நாலு வயசில் அப்பா அம்மா ஊர் திரும்பியிருப்பார்கள். அவன் இங்கேயே படித்து, ஒரகடம் பக்கம் வேலைக்கும் போய்க்கொண்டிருப்பான். பீரோவில் ஒரு அமெரிக்க பாஸ்போர்ட், கூடவே ஓசிஐ அட்டை. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. 2005இல் வந்த ஓசிஐ அதற்கு ஒரு மாற்று ஏற்பாடு. ஒருநாள் வங்கியில் ஒரு படிவத்தை நீட்டி, "நீங்க அமெரிக்கக் குடிமகனா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது 2010இல் அமெரிக்கா போட்ட ஃபட்கா சட்டமும், 2015 ஜூலையில் இந்தியா அதற்குப் போட்ட கையெழுத்தும்.

பெரும்பாலான நாடுகள் நீ எங்கே வாழ்கிறாய் என்று பார்த்து வரி கேட்கும். அமெரிக்கா நீ யார் என்று கேட்கிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் வந்த பழக்கம் இது. 1924இல் 'குக் எதிர் டெய்ட்' வழக்கில், மெக்சிகோவில் வாழ்ந்து மெக்சிகோவில் சம்பாதித்த ஓர் அமெரிக்கர் "நான் ஏன் கட்டணும்?" என்று கேட்டார். குடிமகன் எங்கிருந்தாலும் அரசின் பயன் அவனைத் தொடரும், ஆகவே வரியும் தொடரும் என்றது உச்ச நீதிமன்றம். திருமுக்கூடல் மருத்துவமனை மாதிரி எதிரே தெரிகிற பயன் ஒன்றும் நம் பையனுக்கு இல்லை. பீரோவில் இருக்கிற பாஸ்போர்ட்தான் அவனுக்குக் கிடைத்த பயன்.

"இங்கதான் வருமான வரி கட்டியாச்சே, அப்புறம் என்ன?" என்பார்கள். பாதி சரி. இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம். பலருக்குக் கட்டவேண்டிய தொகை பூஜ்யத்தில் வந்து நிற்கும். ஆனால் கட்டுவது ஒன்று, கணக்குக் காட்டுவது வேறொன்று. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை வருடத்தில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அதற்குத் தனி அறிக்கை உண்டு.

இந்த வித்தியாசம் நம் பக்கத்துக்குப் புதிதில்லை. உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டுகளை (919, 921) தேர்தல் பெருமைக்காகவே எடுத்துக்காட்டுகிறோம். அதில் தகுதி இழப்பவர்களின் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். பிறர் பொருளைத் திருடியவன் தனியாக வருகிறான். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் தனியாக வருகிறான். அவனோடு அவன் நெருங்கிய உறவினர் பலரும் குடத்துக்கு வெளியே. அவன் ஒரு காசு எடுத்திருக்க வேண்டியதில்லை. காட்டவில்லை என்பதே குற்றம்.

அலெக்ஸாந்த்ரு பிட்னர் கதையும் இதுதான். ருமேனியாவில் பிறந்து, 1987இல் அமெரிக்கக் குடிமகனாகி, 1990இல் ருமேனியா திரும்பித் தொழில் செய்தவர். ஐந்து வருட வங்கி அறிக்கைகளைத் தாமதமாகத்தான் கொடுத்தார். கணக்குக்கு ஒன்றாக எண்ணி 27.2 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், அறிக்கைக்கு ஒன்றாகத்தான் எண்ணலாம் என்றது. அபராதம் 50,000 டாலருக்கு இறங்கியது.

உக்கல் ஆணையில் திரும்பி வரும் வழி எதுவும் சொல்லப்படவில்லை. இன்றைக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. வெளிநாட்டில் வாழ்கிறவர், வேண்டுமென்றே விடவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, மூன்று வருட வரிக்கணக்கும் ஆறு வருட வங்கி அறிக்கையும் கொடுத்தால் அபராதம் இல்லை. வரி பாக்கி இருந்தால் அதை வட்டியோடு கட்டினால் போதும். ஆனால் அவர்கள் விசாரணையைத் தொடங்குமுன் நாமே போக வேண்டும். குடியுரிமையே வேண்டாம் என்று துறக்கப் போகிறவருக்கும் விலக்கில்லை. கடைசி ஐந்து வருடக் கணக்கு நேராக இருக்கிறதென்று அவர் உறுதி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வெளியேறும் வரிக்கு ஆளாகலாம்.

அன்று பாக்கிக்காரனை ஊரே தடுத்துக் கேட்டிருக்கும். இன்று தெருவில் யாருக்கும் தெரியாது, பல வீடுகளில் அந்தப் பிள்ளைக்கே தெரியாது. அதனால் சொல்லவேண்டியது பெரியவர்கள்தான். அவன் முதல் சம்பளம் வாங்குகிற மாதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.