பாலாற்றங்கரையில் பன்னாட்டு அரசியல்

ஒரு நாட்டின் செயலை முடிவு செய்வது எது? வலிமையா, வாணிகமா, கருத்தா? பன்னாட்டு உறவுகளை ஆராயும் அறிஞர்கள் இவ்வினாவிற்கு வெவ்வேறு விடை கூறுவர். அவ்விடைகளைச் சோதித்துப் பார்க்க மாணவர்கள் தொலைநாடு செல்ல வேண்டுவதில்லை. வேலூருக்குக் கிழக்கே இராணிப்பேட்டை, மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டிப் பரவியுள்ள தோல் பதனிடும் தொழிலின் வரலாறே அதற்குப் போதும்.

முதல் விடை நடப்பியல் கொள்கை. நாடுகளுக்கு மேல் ஆணை செலுத்தும் அரசு எதுவும் இல்லை. ஆதலால் ஒவ்வொரு நாடும் தன் வலிமையையே நாடும் என்பது இதன் கருத்து. ஹான்ஸ் மார்கெந்தோ 1948-இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்தார். ஆவாரம்பட்டையால் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல், நெடுங்காலமாக இலண்டன் சந்தைக்குச் சென்றது. முதல் உலகப் போரில் படைவீரரின் காலணிக்கு அது இன்றியமையாததாயிற்று. 1916-இல் அரசாங்கமே அவ்வாணிகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. போருக்கு முன் இந்தியப் பச்சைத்தோல் வாணிகத்தில் ஜெர்மானிய நிறுவனங்களின் கை ஓங்கியிருந்தது. 1919-இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு நூற்றுக்கு 15 வீதம் வரி விதித்தனர்; பிரிட்டிஷ் பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்கு அதில் 10 வீதத்தைத் திருப்பித் தந்தனர். உள்நாட்டுத் தொழிலைக் காப்பதும் வரியின் நோக்கமே. ஆயினும் அச்சலுகை பேரரசின் வலிமையைக் கருதியது. 1923-இல் வரி 5 வீதமாகக் குறைந்தது, சலுகையும் நீங்கியது.

இரண்டாவது விடை தாராளக் கொள்கை. வாணிகத்தால் பிணைந்த நாடுகள், படையின்றியே ஒன்றன் நடத்தையை மற்றொன்று மாற்றும் என்பது இதன் கருத்து. ராபர்ட் கியோஹேனும் ஜோசப் நையும் 1977-இல் இதனை விளக்கினர். தோலில் பூஞ்சை படராதிருக்கப் பென்டாகுளோரோஃபீனால் என்னும் நஞ்சைப் பயன்படுத்துவதுண்டு. ஒரு கிலோகிராமில் 5 மில்லிகிராமுக்கு மேல் அந்நஞ்சுள்ள பொருளை ஜெர்மனி 1989-இல் தடை செய்தது. உடனே நம் ஏற்றுமதியாளர் மாற்று மருந்து தேடினர். ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அச்சட்டம் காத்தது காலணியை வாங்குபவரின் உடல்நலத்தை; பாலாற்றங்கரைக் கிணற்றை அன்று.

அக்கிணற்றின் கதை மூன்றாவது விடைக்கு நம்மை அழைத்துச் செல்கின்றது. அது கட்டுமானக் கொள்கை. நிக்கலஸ் ஓனஃப் 1989-இல் இப்பெயரை வழங்கினார். அலெக்சாண்டர் வென்ட் 1992-இல் எழுதிய கட்டுரையால் அது பரவியது. எல்லையில் நட்ட கல் வெறுங்கல்லே. இரு நாட்டாரும் ஒப்புக்கொள்வதால்தான் அஃது எல்லையாகின்றது. அவ்வாறே, நாடுகள் தம்முள் பகிர்ந்துகொள்ளும் கருத்துகளே அவற்றின் நலன் எது, கடமை எது என்பதை வகுக்கின்றன என்பர் இக்கொள்கையினர்.

குரோமிய முறையில் தோல் பதனிடும்போது எஞ்சும் கழிவுநீர் நிலத்தையும் ஊற்றையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழானது என்னும் ஆய்வு நீதிமன்றத்தின் முன் வந்தது. மறுபுறம், அப்போது இந்தியாவின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு தமிழ்நாட்டினதாக இருந்தது. பல்லாயிரவர் பிழைப்பும் அதில் அடங்கியிருந்தது.

1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வந்தது. 1972-இல் ஸ்டாக்ஹோமிலும் 1992-இல் ரியோவிலும் கூடிய மாநாடுகளின் அறிக்கைகள் எந்நாட்டையும் கட்டாயப்படுத்தும் உடன்படிக்கைகள் அல்ல. எனினும் முன்னெச்சரிக்கை வேண்டும் என்பதும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும் உலக வழக்காறாகிவிட்டன. எனவே இந்நாட்டுச் சட்டமும் ஆகும் என்றது நீதிமன்றம். தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கவும் பணித்தது. இங்கே எந்த வல்லரசும் மிரட்டவில்லை. எந்தச் சந்தையும் கதவடைக்கவில்லை. உலகம் ஒப்புக்கொண்ட கருத்தொன்று, அதனை எடுத்துப் பேச மக்கள் முன்வந்தமையால், சட்டமாக உருக்கொண்டது.

ஆயினும் கருத்து தானே கழிவுநீரைத் தூய்மை செய்வதில்லை. பாலாறு இன்னும் சீர்பெறாமையால், 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கவும் குழு அமைக்கவும் ஆணையிட்டது. வலிமையும் வாணிகமும் நாடுகளை இயக்குகின்றன என்பது மெய்யே. அவை எட்டாத கிணற்றடிக்கும் ஒரு நல்ல கருத்து எட்டக்கூடும். அதனைக் கொண்டு சேர்ப்பதும், சேர்ந்தபின் நிலைநிறுத்துவதும் குடிமக்களின் விடாமுயற்சியே ஆகும்.