டியாட்லோவ் கணவாய்: மர்மக் கதைக்குள் தொலைந்துபோன ஒன்பது பேர்

மர்மக் கதைகளில் ஆர்வம் உள்ள யாரைக் கேட்டாலும் டியாட்லோவ் கணவாய் என்ற பெயர் தெரிந்திருக்கும். யூடியூபில் தேடினால் வீடியோ வீடியோவாக வந்து விழும். திகில் இசை, பனிமனிதன் படம், "இன்றுவரை விடை இல்லை" என்று ஒரு முடிவு. எல்லாம் ஒரே அச்சு! ஒன்பது பேர் எப்படிச் செத்தார்கள் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அவர்கள் யார், கடைசி சில மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்க மாட்டார்கள். எனக்கு என்னவோ அந்த இரண்டாவது விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

யார் இவர்கள்?

சோவியத் ஒன்றியத்தில் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் என்று ஒரு நகரம் (இப்போது அதன் பெயர் எகாடெரின்பர்க்). அங்கே இருந்த யூரல் பாலிடெக்னிக் கல்லூரியின் மாணவர்களும், படிப்பை முடித்து வேலைக்குப் போயிருந்த சீனியர்களும் சேர்ந்த குழு இது. 1953-ல் ஸ்டாலின் இறந்த பிறகு அந்த நாட்டு மாணவர்களிடையே மலையேற்றம் பெரிய அலையாகப் பரவியது. நம் ஊர் 'டூர்' மாதிரி இல்லை. அங்கே அது ஒரு விளையாட்டு. பாதைகளுக்குக் கடினத்தைப் பொறுத்துத் தரம் உண்டு. கடினமான பாதையை முடித்தால் அடுத்த தகுதி கிடைக்கும்.

தலைவர் இகோர் டியாட்லோவ், வயது 23, ரேடியோ பொறியியல் மாணவர். கூடாரத்துக்குள் தொங்கவிடுகிற மாதிரி ஓர் அடுப்பைத் தானே வடிவமைத்தவர். அவரோடு ஜினாய்டா கொல்மோகோரோவா (22), லுட்மிலா துபினினா (20) என்று இரண்டு பெண்கள். யூரி டோரோஷென்கோ, யூரி கிரிவோனிஷென்கோ, யூரி யூதின் என்று மூன்று யூரிகள்! அலெக்சாண்டர் கொலேவாதோவ், ருஸ்டெம் ஸ்லோபோதின், நிக்கோலாய் திபோ-பிரிஞோல். கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த செம்யோன் ஸோலோடர்யோவ் மட்டும் பெரியவர், இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட 37 வயது மலைப்பயண வழிகாட்டி. மொத்தம் பத்துப் பேர்.

வடக்கு யூரல் மலையில் உள்ள ஒடோர்டென் சிகரத்துக்குப் பனிச்சறுக்குக் கட்டைகளில் போய்த் திரும்புவது திட்டம். 300 கிலோமீட்டருக்கு மேல். அன்றைய கணக்கில் மிகக் கடினமான மூன்றாம் தரப் பயணம்.

1959 ஜனவரி 23 அன்று ரயில் ஏறினார்கள். அவர்களுடைய நாட்குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. படித்தால் நம் கேங்கைப் பற்றிப் படிக்கிற மாதிரியே இருக்கும். பயணம் முழுக்க சிகரெட் தொடமாட்டோம் என்று பையன்கள் சபதம் எடுக்கிறார்கள். ஒரு ரயில் நிலையத்தில் கிரிவோனிஷென்கோ தொப்பியை நீட்டிப் பிச்சை எடுப்பதுபோல் விளையாட, போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போகிறார். மற்றவர்கள் போய் மீட்டுக்கொண்டு வருகிறார்கள் :) மாண்டலின் ஒன்றையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஜனவரி 28-ல் யூரி யூதினுக்குக் கால்வலி தாங்க முடியவில்லை. திரும்பிவிட்டார். அவரைக் கட்டிப்பிடித்து விடைகொடுக்கும் துபினினாவின் புகைப்படம் ஒன்று இருக்கிறது. இருவர் முகத்திலும் சிரிப்பு. உயிர் பிழைத்தவர் அவர் ஒருவர்தான். 2013-ல் இறக்கும்வரை அந்தக் கேள்வியோடே வாழ்ந்தார்.

அந்த மலைச்சரிவு

பிப்ரவரி 1. கூடுதல் உணவையும் மாண்டலினையும் காட்டிலேயே பத்திரப்படுத்திவிட்டு, கணவாயைக் கடக்கக் கிளம்பினார்கள். காற்று பலமாக அடித்தது, வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. ஹோலாட் சியாக்ல் என்ற மலையின் வெட்டவெளிச் சரிவில் கூடாரம் போட முடிவு செய்தார்கள். காடு ஒன்றரை கிலோமீட்டர் கீழே. ஏறிய உயரத்தை இழக்க டியாட்லோவுக்கு மனம் வந்திருக்காது என்பது யூதினின் ஊகம்.

கேமராவில் இருந்த கடைசிப் படங்களில், பறக்கும் பனிக்கு நடுவே குனிந்து சரிவை வெட்டிச் சமதளம் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த வெட்டு முக்கியம். பின்னால் வருகிறேன். அன்று தேதியிட்டு 'மாலை ஒடோர்டென்' என்று ஒரு கேலிப் பத்திரிகை கூட எழுதியிருக்கிறார்கள். பனிமனிதன் ஜோக் எல்லாம் அதில்தான். (பின்னாளில் இந்த ஜோக்கையே ஆதாரமாகக் காட்டி "பனிமனிதன்தான் கொன்றது" என்று நிகழ்ச்சி எடுத்தார்கள். என்ன சொல்ல!)

தேடல்

பிப்ரவரி 12 வாக்கில் தந்தி வர வேண்டும். வரவில்லை. கொஞ்சம் தாமதமாகும் என்று டியாட்லோவே யூதினிடம் சொல்லி அனுப்பியிருந்ததால் முதலில் யாரும் பதறவில்லை. பிறகு பெற்றோர்கள் போட்ட சத்தத்தில் 20-ம் தேதி தேடல் தொடங்கியது. ராணுவம், ஹெலிகாப்டர், அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மான்சி மக்கள் எல்லோரும் வந்தார்கள். ஆனால் முதலில் போனவர்களில் பலர் அதே கல்லூரி மாணவர்கள். அதாவது காணாமல் போனவர்களின் நண்பர்கள்.

பிப்ரவரி 26 அன்று கூடாரத்தைக் கண்டுபிடித்ததும் இரண்டு மாணவர்கள்தான். உள்ளே ஆள் இல்லை. காலணிகள், கோட்டுகள், கோடரிகள் எல்லாம் அப்படியே இருந்தன. கூடாரத்துணி கிழிந்திருந்தது. உள்ளே இருந்து கத்தியால் கிழித்தது என்று பிறகு தெரிந்தது. அங்கே ஒரு பாட்டிலில் சாராயம் கிடைத்தது. நண்பர்கள் எங்கோ உயிரோடு இருப்பார்கள் என்ற நம்பிக்கையில், அன்று இரவு அதை ஊற்றி அவர்கள் நலத்துக்காகக் குடிக்கப் போனார்கள். கூட இருந்த உள்ளூர் ஆள் ஒருவர், நலத்துக்கு வேண்டாம், ஆத்மா சாந்திக்குக் குடியுங்கள் என்றாராம். மாணவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

மறுநாள் உடல்கள் கிடைக்க ஆரம்பித்தன.

தடயங்கள் சொல்லும் கதை

இந்த இடத்தில்தான் வீடியோக்காரர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். நாம் நிதானமாகப் பார்ப்போம்.

கூடாரத்திலிருந்து கீழே காடு நோக்கி எட்டு ஒன்பது பேருடைய காலடித் தடங்கள் போயின. பெரும்பாலும் வெறும் சாக்ஸ் போட்ட கால்கள். சிதறி ஓடிய தடங்கள் அல்ல, நடந்துபோன தடங்கள். அன்று இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியையும் தாண்டியிருக்கும் என்பது மதிப்பீடு. அந்தக் குளிரில், இருட்டில், காலணி இல்லாமல், சேர்ந்து நடந்திருக்கிறார்கள்.

ஒன்றரை கிலோமீட்டர் கீழே ஒரு பெரிய சைபீரியப் பைன் மரம். அடியில் தீ மூட்டிய சாம்பல். மரத்தில் ஐந்து மீட்டர் உயரம்வரை கிளைகள் முறிந்திருந்தன, யாரோ ஏறியிருக்கிறார்கள். பக்கத்தில் டோரோஷென்கோ, கிரிவோனிஷென்கோ இருவரின் உடல்கள், உள்ளாடையோடு.

மரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே மூன்று பேர். மரத்திலிருந்து 300 மீட்டரில் டியாட்லோவ், 480 மீட்டரில் ஸ்லோபோதின், 630 மீட்டரில் கொல்மோகோரோவா. மேலே ஏறும் திசையில் கிடந்தார்கள். உடை எடுத்துவரக் கூடாரத்துக்குத் திரும்ப முயன்றிருக்கிறார்கள் என்பதுதான் பொருள்.

மீதி நான்கு பேர் மே மாதத்தில்தான் கிடைத்தார்கள். மரத்திலிருந்து 75 மீட்டர் தள்ளி ஓர் ஓடைப் பள்ளத்தில், நான்கு மீட்டர் பனிக்கு அடியில். அங்கே பனியைத் தோண்டி ஒரு குகை, தரையில் மரக்கிளைகளைப் பரப்பிய படுக்கை. இவர்களில் சிலர் மேல் இறந்துபோன நண்பர்களின் உடைகள் இருந்தன. கிரிவோனிஷென்கோவின் உடை துபினினாவின் உடலில் இருந்தது.

ஆக, ஒன்பது பேரும் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சிலர் தீயைப் பார்த்துக்கொள்ள, சிலர் பனிக்குகை தோண்ட, மூன்று பேர் கூடாரத்துக்குத் திரும்ப. முதலில் இறந்தவர்களின் உடை உயிரோடு இருந்தவர்களுக்குப் போயிருக்கிறது. பித்துப் பிடித்து ஓடியவர்கள் செய்கிற காரியமா இது?

அப்புறம் மர்மம் எங்கிருந்து வந்தது?

பிரேதப் பரிசோதனையில் ஆறு பேர் குளிரால் இறந்ததாகவும், பள்ளத்தில் கிடந்தவர்களில் மூன்று பேர் பலத்த காயத்தால் இறந்ததாகவும் தெரிந்தது. திபோ-பிரிஞோலுக்கு மண்டையோடு உடைந்திருந்தது. துபினினாவுக்கும் ஸோலோடர்யோவுக்கும் விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. முதலில் மான்சி மக்கள்மேல் சந்தேகம் போனது. வேறு ஆட்கள் வந்த தடமே இல்லை என்பதால் அது நிற்கவில்லை.

மே 28-ல் வழக்கை முடித்தார்கள். அவர்களால் மீறமுடியாத ஓர் இயற்கைச் சக்திதான் காரணம் என்று எழுதிவிட்டு மூடிவிட்டார்கள். எந்தச் சக்தி? விளக்கம் கிடையாது. செய்தித்தாளில் எதுவும் வரவில்லை. கோப்பு அலமாரிக்குள் போனது. அந்தப் பகுதிக்கு மலையேறிகள் போகச் சில ஆண்டுகள் தடை. இறுதிச் சடங்கைக்கூடச் சத்தமில்லாமல் வேறு ஊரில் முடித்துவிடப் பார்த்தார்கள், பெற்றோர்கள் விடவில்லை.

நான் படிப்பது பி.காம். ஆடிட்டிங் வகுப்பில் முதலில் சொல்லித்தருவதே, வவுச்சர் இல்லாத இடத்தில் சந்தேகம் வரும் என்பதுதான். இங்கேயும் அதே கதை. காரணம் எழுத வேண்டிய இடத்தை அரசாங்கம் காலியாக விட்டது. வந்தவர்கள் எல்லோரும் அதில் தங்களுக்குப் பிடித்ததை எழுதிக்கொண்டார்கள். ரகசிய ஆயுதம், கேஜிபி, வேற்றுக்கிரகவாசி, பனிமனிதன்...

கொஞ்சம் சோதித்துப் பார்த்தால் பல விஷயங்கள் கரைந்துவிடும்.

உடைகளில் கதிர்வீச்சு? சில உடைகளில் இருந்தது உண்மை. ஆனால் கிரிவோனிஷென்கோ 1957-ல் விபத்து நடந்த மாயாக் அணு ஆலையில் வேலை பார்த்தவர்.

வானத்தில் நெருப்புக் கோளங்கள்? பிப்ரவரி 17 அன்று பார்த்ததாகச் சாட்சிகள் சொன்னார்கள். அப்போது இவர்கள் இறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது!

துபினினாவின் நாக்கும் கண்களும் இல்லை? அவர் உடல் மூன்று மாதம் ஓடைப் பள்ளத்தில் கிடந்தது.

'ஒடோர்டென்' என்றால் "அங்கே போகாதே" என்று அர்த்தமா? அதுவும் கட்டுக்கதை. அந்தச் சிகரத்துக்கு மான்சி மொழியில் இருக்கும் பெயருக்குக் காட்டு வாத்தின் கூடு என்றுதான் பொருள். ஹோலாட் சியாக்ல் 'இறந்த மலை' என்பது சரி. வேட்டைக்கு எதுவும் கிடைக்காத மொட்டை மலை என்ற அர்த்தத்தில்.

பனிச்சரிவா?

2019-ல் ரஷ்ய அரசு வழக்கை மறுபடி எடுத்தது. 2020 ஜூலையில் பனிச்சரிவுதான் காரணம் என்று அறிவித்தது. உடனே பழைய கேள்விகள் கிளம்பின. சரிவு அவ்வளவு செங்குத்தாக இல்லையே? பனிச்சரிவின் அடையாளமே இல்லையே? கூடாரம் போட்டுப் பல மணி நேரம் கழித்து ஏன் சரிய வேண்டும்?

2021 ஜனவரியில் சுவிட்சர்லாந்தில் பணிபுரிந்த யோஹன் கோம், அலெக்சாண்டர் புஸ்ரின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். முன்னால் சொன்ன அந்த வெட்டு நினைவிருக்கிறதா? கூடாரத்துக்காகச் சரிவை வெட்டியதில் மேலே இருந்த பனிப்பலகைக்கு அடித்தாங்கல் போய்விட்டது. இரவு முழுக்கக் காற்று மேலிருந்து பனியைக் கொண்டுவந்து குவித்தது. பாரம் ஏறி ஏறி, சில மணி நேரம் கழித்து ஒரு சிறிய பலகை மட்டும் பெயர்ந்து விழுந்திருக்கலாம். சிறியது என்பதால் மூன்றரை வாரத்தில் அடையாளம் மறைந்துவிடும். அவர்கள் கணக்குப்படி கூடாரம் இருந்த இடத்தில் சரிவு சுமார் 28 டிகிரி. அது போதும்.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், டிஸ்னியின் 'ஃபுரோசன்' படத்தில் பனி நகர்வதைப் பார்த்து அசந்துபோன கோம், அதை உருவாக்கியவர்களிடமே போய்த் தொழில்நுட்பம் கேட்டிருக்கிறார். விலா எலும்பு எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கு, 1970-களில் கார் சீட் பெல்ட்டுக்காக நடந்த சோதனைகளின் எண்களைப் பயன்படுத்தினார்கள்.

இதோடு எல்லாம் முடிந்தது என்று அவர்களும் சொல்லவில்லை. அவ்வளவு காயத்தோடு மூன்று பேர் எப்படி ஒன்றரை கிலோமீட்டர் போனார்கள் என்று இன்றும் வாதம் நடக்கிறது. பள்ளத்தில் பனி இடிந்து விழுந்தபோது அடிபட்டிருக்கலாம் என்கிறார்கள் சிலர். கூடாரத்திலேயே அடிபட்டது என்றால், வேறு ஒன்றை நாம் ஏற்க வேண்டும். மற்றவர்கள் அவர்களைத் தாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள்.

எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒன்று மாறவில்லை. அடிபட்டவர்களையும் விட்டுவிட்டு யாரும் தனியாகத் தப்பிக்கப் பார்க்கவில்லை. பிப்ரவரி 2 ஸோலோடர்யோவின் பிறந்த நாள். அதைக் கொண்டாடியிருக்க வேண்டிய கூட்டம் அது. பேய்ப்படப் பாத்திரங்களாக்கி அறுபது வருடத்துக்கும் மேலாக அவர்களை வைத்துப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கணவாய்க்கு இப்போது டியாட்லோவின் பெயர். அடுத்த முறை யாராவது "அந்த மர்மம் தெரியுமா மச்சி?" என்று ஆரம்பித்தால், அந்தத் தீயையும், பனிக்குகையையும், மேலே ஏறப் பார்த்த மூன்று பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.