பர்மாவில் இட்ட முதல்

கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி, நாகூர் முதலிய நம் கடற்கரை ஊர்களில் பழைய, வசதியான வீடொன்றினுள் நுழைவோமாயின், நம் கை முதலில் தொடுவது பர்மாத் தேக்காகவே இருக்கக் கூடும். கதவு தேக்கு, தூண் தேக்கு, மச்சு தாங்கும் உத்திரமும் தேக்கு. அம்மரத்தைக் கப்பலேற்றி அனுப்பிய சபராளிகள் மறைந்துவிட்டனர். அவர்கள் அந்நாட்டில் விட்டுவந்த கடை, மனை, வரவேண்டிய கடன் ஆகியவற்றைப் பற்றிய பேச்சும் ஏறத்தாழ அவர்களோடு அடங்கிவிட்டது. 'ரங்கூன் பணம்' என்ற சொல் மட்டும் முதியோர் வாயில் சில காலம் எஞ்சியிருந்தது.

2012-ஆம் ஆண்டில் மியான்மர் அரசு புதிய அந்நிய முதலீட்டுச் சட்டம் இயற்றியபோது, 'இப்போதுதான் கதவு திறக்கும் சந்தை' என்று கூறிக்கொண்டு உலகின் பெருநிறுவனங்கள் அங்கு விரைந்தன. அந்நாட்டில் முதல் போடுவோர்க்கு என்னென்ன வாய்ப்பு, என்னென்ன இடர் என்று அறிக்கைகள் பல வெளிவந்தன. அவற்றுள் நம் பாட்டன்மாரைப் பற்றி அதிகம் இருந்திருக்க நியாயமில்லை. நமக்கோ அது புதிய சந்தையன்று. நம்மவர் ஒரு முறை வென்று, மூன்று முறை இழந்த சந்தை. அவர்கள் எப்படி இழந்தார்கள் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது தகும்.

பர்மிய மன்னர்கள் ஆண்ட காலத்தில் அங்கு வணிகம் செய்வது எளிதாக இருக்கவில்லை. அரிசியை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை. பொன்னும் வெள்ளியும் நாட்டைவிட்டுப் போகத் தடை. பர்மியப் பெண்ணை மணந்த அயல்நாட்டான் ஊர் திரும்பும்போது மனைவி மக்களை உடனழைத்துச் செல்லவும் அனுமதி இல்லை. இக்கட்டுப்பாடுகளை ஐரோப்பியர் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதிவைத்தனர். ஆயினும் அவற்றின் விளைவைப் பாருங்கள். வணிகன் ஈட்டியதில் பெரும்பகுதி அந்நாட்டிலேயே தங்கியது. அவன் குடும்பமும் அங்கேயே வேர்விட்டது. பர்மியத் தாய்க்கும் இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பிறந்தவரிலிருந்து ஜெர்பாதி என வழங்கப்பட்ட ஒரு சமூகம் உருவாயிற்று. துறைமுக நிர்வாகியான ஷாபந்தர் பதவியில் அயல்நாட்டாரையும் மன்னர்கள் அமர்த்தியதுண்டு. மன்னரின் தயவு நிலையற்றதுதான். ஆனால் அத்தயவு அந்நாட்டவரின் தயவாக இருந்தது.

ஆங்கிலேயர் 1826-இல் அராக்கானையும் தெனாசரிமையும், 1852-இல் கீழ்ப் பர்மாவையும், 1885-இல் எஞ்சியதையும் கைப்பற்றினர். அரிசி ஏற்றுமதித் தடை நீங்கிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பா அருகில் வந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடும் சதுப்பும் வெட்டித் திருத்தப்பட்டன. 1850-களின் நடுவில் கீழ்ப் பர்மாவில் 10 லட்சம் ஏக்கரை எட்டாதிருந்த நெல் விளைநிலம், 1930-களில் ஒரு கோடி ஏக்கரை நெருங்கிற்று. உலகச் சந்தையில் அந்நாளில் மிகுதியாக அரிசி விற்ற நாடு பர்மாதான்.

காட்டைத் திருத்துவதற்கு முதல் வேண்டும். எருது வாங்க, கூலி கொடுக்க, அறுவடைவரை உண்ண உழவனுக்குப் பணம் வேண்டும். ரங்கூனில் இருந்த ஐரோப்பிய வங்கிகள் உழவனின் முகத்தைக்கூடப் பாரா. அவை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குக் கடன் கொடுத்தன. செட்டியார்கள் தம் சொந்த முதலையும் ஊரார் வைப்புப் பணத்தையும் அதனோடு சேர்த்து உழவர்க்குக் கொடுத்தனர். 1930-இல் பர்மாவில் அவர்களுடைய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. அந்நாளைய 75 கோடி என்பதை வாசகர்கள் நினைவில் கொள்க. அவர்களுடைய நாணயமும் கணக்கு நேர்த்தியும் பெயர் பெற்றவை. பிற லேவாதேவிக்காரர் வாங்கியதைவிட அவர்கள் வாங்கிய வட்டி குறைவு என்பதையும் நியாயம் கருதிச் சொல்லத்தான் வேண்டும்.

நம்மவரின் வழி வேறு. துணிக்கடை, மளிகை, இரும்புச் சாமான், உணவுக்கடை என்று சில்லறையிலும் இடைத்தட்டு மொத்த வணிகத்திலுமே தமிழ் முஸ்லிம்கள் பெரிதும் ஈடுபட்டனர். இரண்டு மூன்று பேர் கூட்டாகக் கடை வைப்பர். ஒருவர் ஊர் வந்திருக்கையில் மற்றவர் கடையைக் கவனிப்பார். பெருமுதலுக்குரிய துறைகளில் இறங்கிய முஸ்லிம்கள் பெரும்பாலும் குஜராத்திகள். அரிசி வணிகத்தில் பெயர் பெற்ற சர் ஏ.கே.ஏ.எஸ். ஜமால் குடும்பத்தார் 1909-இல் இந்தோ-பர்மா பெட்ரோலியம் கம்பெனியைத் தொடங்கினர். இவரை நம் சென்னைத் தோல் வணிகர் ஜமால் முகம்மது சாகிபோடு குழப்பிக்கொள்ளலாகாது. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ரங்கூன் நகரின் நான்கு லட்சம் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தம் தலைநகரில் தாமே சிறுபான்மையர் என்ற நிலை பர்மியருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அன்று நம்மவருள் எத்தனை பேர் எண்ணினரோ அறியோம்.

1930-ஐ ஒட்டி உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. விலை விழலாம், பத்திரத்தில் எழுதிய தொகை விழாது. உழவன் வட்டி கட்ட இயலாமற்போனான். அசலைப் பற்றிப் பேச்சே இல்லை. ஈடாக எழுதிவைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், 1937-இல் 25 பங்காயிற்று. செட்டியார்கள் அந்நிலத்தை விரும்பி வாங்கவில்லை. பணத்தைத் திருப்பிப் பெற வந்தவருக்கு மண் கிடைத்தது. வாங்குவோர் இல்லாத மண். அவர்களுக்கு முதல் முடங்கிற்று. உழவனுக்கோ தந்தை காடு வெட்டித் திருத்திய வயல் போயிற்று.

வட்டியைப் பற்றி நம் மார்க்கம் கூறுவதை இங்கு எடுத்தோத வேண்டியதில்லை. முழாரபா என்னும் கூட்டுமுறையை மட்டும் இதன் அருகில் வைத்துப் பார்ப்போம். அதில் ஒருவர் முதல் தருவார், மற்றவர் உழைப்பார். இலாபத்தை ஒப்பந்தப்படி பங்கிடுவர். நஷ்டம் வந்தால் முதலுடையவர்க்கு முதல் நஷ்டம், உழைத்தவர்க்கு உழைப்பு நஷ்டம். 1930-இன் சரிவு இம்முறையில் வந்திருக்குமாயின், முதல் தந்தவர் அன்றே கொஞ்சம் இழந்திருப்பார். நிலம் உழுதவனிடம் இருந்திருக்கும். ஈட்டுக் கடனிலோ அவர் அன்று ஒன்றும் இழக்காதவர்போலத் தோன்றி, பதினெட்டு ஆண்டுகள் கழித்து முழுவதையும் இழந்தார். நம்மவர்தாமும் அம்முறையைக் கழிமுகத்து வயல்களுக்குக் கொண்டு சென்றாரில்லை. அவர்கள் தம்முள் கூட்டுச் சேர்ந்தனர். பர்மியரோடு கூட்டுச் சேர்ந்தவர் சிலரே. ரங்கூனில் மனை வாங்கி வாடகைக்கு விட்டவரும் இந்திய முஸ்லிம்களுள் இருந்தனர்.

1938 ஜூலையில் கலகம் மூண்டது. பௌத்தரைப் புண்படுத்தும்படி ஒரு பர்மிய முஸ்லிம் எழுதியிருந்த பழைய நூலொன்று மறுபதிப்பானதே உடனடிக் காரணம். கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிந்தன, உயிர்கள் பல போயின. இதனை விசாரித்த அரசுக் குழு, நூலுக்கு அப்பால் பொருளாதார அரசியல் காரணங்கள் இருந்ததைக் கண்டது. நிலம் போனது ஒருவர் கைக்கு. தீ விழுந்தது வேறொருவர் கடையில். நிலம் இழந்த உழவனின் கண்ணுக்கு இருவரும் ஒரே கப்பலில் வந்திறங்கிய 'கலா'க்களே. நாம் வட்டி வாங்கவில்லை என்று அவனிடம் கணக்கேட்டைக் காட்ட முடியுமா?

இதற்கு முன்பே, 1937 ஏப்ரல் முதல் நாளில் பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டிருந்தது. உள்நாட்டு மாகாணத்தில் வணிகம் செய்வதாக இருந்தவர்கள், கடையை விட்டு நகராமலே ஒரே இரவில் வெளிநாட்டாராகிவிட்டனர். ஆயினும் ஆங்கிலக் கொடி பறந்தவரை யாரும் பெரிதாக அஞ்சவில்லை. 1941 டிசம்பர் 23-இல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு பொழிந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கொடி முதலில் ஓடிற்று. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அதன் பின்னே வெளியேறினர். கப்பல் கிடைக்காதவர் அராக்கான் மலை வழியாகவும் மணிப்பூர்க் காடு வழியாகவும் நடந்தனர். பசியாலும் காலராவாலும் வழியில் இறந்தோர் பல்லாயிரம். போருக்குப்பின் திரும்பிச் சென்றவர் கண்டது இடிந்த கடைகளையும், செல்லாக் காசாகிவிட்ட ஜப்பானிய நோட்டுகளையுமே. இது முதல் இழப்பு.

1948 ஜனவரி 4-இல் பர்மா விடுதலை பெற்றது. அவ்வாண்டே நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. நஷ்டஈட்டில் பெரும்பகுதி ஏட்டளவிலேயே நின்றது. இது செட்டியார்களின் இழப்பாயினும், அவர்களிடம் வைப்புப் பணம் போட்டிருந்த பிறரையும் தொட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டமும் வந்தது. பல்லாண்டு அங்கு வாழ்ந்தவர் விண்ணப்பித்துப் பர்மியக் குடிமக்களாகலாம் என்று அது இடமளித்தது. விண்ணப்பித்தவர் சிலர், தயங்கியவர் பலர். ஊரில் வீடு, பர்மாவில் கடை என்று இரு காலில் நின்று பழகியவர்க்கு ஒரு காலைத் தூக்க மனம் வரவில்லை.

தயங்காதவர் வேறு நிலை அடைந்தனர். மெய்க்டிலாவில் இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்த அப்துல் ரசாக், மாந்தலேயில் தேசியப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். ஆங் சானின் இடைக்கால அரசில் கல்வி அமைச்சரானார். 1947 ஜூலை 19-இல் ஆங் சானோடு சுட்டுக் கொல்லப்பட்ட அவரை, அந்நாடு ஆண்டுதோறும் தியாகிகள் நாளில் ஊ ரசாக் என்று நினைவு கூர்கிறது.

மூன்றாம் இழப்புத்தான் நம்மவரை நேராகத் தாக்கியது. 1962 மார்ச்சில் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963-இல் வங்கிகள் நாட்டுடைமையாயின. 1964 மார்ச் 19-இல் ரங்கூன் கடைகளுக்குள் அரசின் ஆட்கள் புகுந்து சரக்கைக் கணக்கெடுத்தனர். பெயர்ப்பலகை இறங்கி 'மக்கள் கடை' என்ற பலகையும் எண்ணும் ஏறின. வீட்டில் ஒளித்துவைத்த ரொக்கமாவது மிஞ்சும் என்று எண்ணியவர்க்கு, மே 17-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லா என்ற அறிவிப்பு வந்தது. லட்சக்கணக்கில் இந்தியர் கப்பலேறினர். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே 1969-இல் தொடங்கிய பர்மா பஜார் அவர்களுடையதே. சிலர் மனம் கேளாமல் மணிப்பூர் வழியே மீண்டும் பர்மாவுக்கு நடந்து, எல்லையில் தடுக்கப்பட்டு, மொரே என்னும் சிற்றூரிலேயே தங்கிவிட்டனர். அங்கு இன்றும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு.

2012-க்குப் பின் சென்றவர்களின் கதை குறுகியது. 2021 பிப்ரவரி முதல் நாளில் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. நார்வே நாட்டின் டெலிநார் தன் கைப்பேசி நிறுவனத்தை 10½ கோடி டாலருக்கு விற்றுவிட்டு 2022-இல் வெளியேறியது. பிரான்சின் டோட்டல் எரிவாயுக் கம்பெனியும் அவ்வாண்டே விலகிற்று. அவர்கள் காடு வழியே நடக்க வேண்டியிருக்கவில்லை. நஷ்டத்தைப் பங்குதாரர் பலர் தாங்கிக்கொண்டனர்.

1964-இல் போகாமல் நின்றுவிட்ட தமிழ் முஸ்லிம்கள் ரங்கூனிலும் மோல்மேனிலும் இருந்துவருகின்றனர். 1982-இல் வந்த குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று தரமாகப் பிரித்தது. பாட்டன் காலத்துப் பத்திரங்கள் போரிலும் கலகத்திலும் எரிந்துபோன குடும்பங்கள், தாம் எந்தத் தரம் என்பதை மெய்ப்பிக்க அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்ந்தது. ரங்கூன் நகரின் நடுவே சூலியா முஸ்லிம்களின் பள்ளிவாசல் நிற்கிறது. கடை வைக்கப் போன நம்மவர், ஊருக்கு அனுப்பாமல் அந்த மண்ணிலேயே விட்ட முதல் அது.