கரம் போட்டும் ஒரு கொப்பியும்

மீள்குடியேறின காலத்தில் பரந்தனில் எங்கட ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே மைதானம் ஒரு கரம் போட்தான். பவுடர் தூவிப் பின்னேரம் முழுக்க விளையாடுவம். ஆனா சட்டம் வீட்டுக்கு வீடு மாறும். சிவப்புக்கு ஒரு வீட்டில் 5 புள்ளி, அடுத்த வீட்டில் 3. சண்டை வராமல் இருக்குமா?

இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் சம்மேளனங்கள் தேவைப்பட்டன. சர்வதேச கரம் சம்மேளனம் 1988ல் சென்னையில் உருவானது. அதன் சட்டப்படி ஒரு ஆட்டம் 25 புள்ளி, அல்லது 8 சுற்று. சிவப்புக்கு 3 புள்ளி. 22ஐத் தொட்டவருக்கு அதுவும் இல்லை. மேசை உதைபந்தாட்டம் 1920களிலேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. ஆனா அதன் சர்வதேச சம்மேளனம் 2002லதான் பிரான்சில் அமைந்தது. இரண்டிலும் ஏணி ஒன்றுதான்: கழகம், தேசிய சம்மேளனம், சர்வதேச சம்மேளனம்.

அந்த ஏணியில் ஏறித்தான் சென்னையின் மரிய இருதயம் இருமுறை உலகச் சம்பியனானார். 2012ல் இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ அந்தப் பட்டத்தை வென்றார். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் சென்னையின் காசிமா மூன்று தங்கம் வென்றார்.

எங்கட ஒழுங்கையிலும் ஒரு அக்கா இருந்தா. எல்லாரையும் தோற்கடிப்பா. அவவின் பெயர் எந்தத் தரவரிசையிலும் இல்லை. கைத்திறன் குறைவில்லை, அவவின் புள்ளியை எழுதி வைக்க ஒரு கழகம்தான் இருக்கேல்ல.

நாலு போட், ஒரே சட்டம், ஒரு கொப்பி. பரந்தனில் தொடங்க இவ்வளவும் காணும்.